கடைசி பெஞ்சு அக்கா

ஒருநாளும் மட்டம் போடாத நான், மூன்றாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் பாதி நாள் பள்ளிக்கே வராதவளாக இருந்தேன். வீட்டில் ஓயாமல் பேசுகிறவள்தான். ஆனால் வகுப்பின் இரைச்சலுக்கு நடுவே என் பெயரைக் கூப்பிட்டால் வாயில் 'உள்ளேன்' வராது. டீச்சர் ஆப்சென்ட் போட்டுவிடுவார்.

அந்த வருஷம் பள்ளியில் புதிதாக எஸ்எம்எஸ் அனுப்பத் தொடங்கினார்கள். காலையில் என்னை வாசலில் விட்டுவிட்டு காரைக்கால் மார்க்கெட்டில் மீன் விற்றுக்கொண்டிருந்த அம்மாவுக்கு, நான் வரவில்லை என்று செய்தி போயிற்று. கையில் செதிலோடு ஆட்டோ பிடித்து கருக்களாச்சேரிப் பள்ளிக்கு ஓடிவந்தாள்.

"ஏன் டீச்சர், புள்ள இங்கதானே குந்தியிருக்கு! கடல்ல போயிடுச்சோன்னு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு எனக்கு."

"கூப்பிட்டா வாயத் தொறக்க மாட்டேங்குதும்மா. அட்டெண்டன்ஸ் பத்தலன்னா அடுத்த வருஷமும் இதே வகுப்புதான்."

"வாயத் தொறந்தா முத்தா கொட்டிடும்?" என்று அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள்.

மறுவாரம் கடைசி பெஞ்சில், தலை நரைத்த ஒரு அக்கா நோட்டோடு உட்கார்ந்திருந்தார். அடப்பாவமே, அட்டெண்டன்ஸ் பத்தாமல் எத்தனை வருஷமாக இங்கேயே இருக்கிறாரோ! பாதி கடலைமிட்டாயை அவருக்குக் கொடுத்தேன். என்னைப் போல் வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகளைப் பற்றி ஆசிரியர்களுக்கும் வீட்டாருக்கும் சொல்லித்தர வந்தவர் என்று எனக்கு எப்படித் தெரியும்?

மூன்றாம் நாள் அவர் டீச்சரிடம் சொன்னார்: "பேரக் கூப்பிட்டதும் இந்தப் புள்ள விரலால பெஞ்சுல ரெண்டு தட்டு தட்டுதுங்க. அதான் அதோட 'உள்ளேன்'. அதயே எழுதிக்கலாமே?"

பெயிலானவருக்கு என்ன துணிச்சல்! அதைவிட ஆச்சரியம், டீச்சர் கேட்டுக்கொண்டார். சாயங்காலங்களில் டீச்சர், அம்மா, அந்த அக்கா மூவரும் உட்கார்ந்து பேசினார்கள். டியூஷன் என்று நினைத்தேன்.

எஸ்எம்எஸ் நின்றது. அம்மா அடிப்பதும் நின்றது. வெளியாட்கள் முன்னால் எனக்கு வார்த்தை சிக்கினால் அதட்டாமல் காத்திருந்தாள். அப்பாடா என்றிருந்தது.

ஒரு திங்கட்கிழமை கடைசி பெஞ்சு காலியாக இருந்தது. மனசு கேட்கவில்லை. எழுந்து டீச்சரின் மேஜைக்குப் போனேன். அந்த வகுப்பில் முதன்முறையாக என் குரல் கேட்டது.

"டீச்சர், அந்த அக்கா பாஸாயிட்டாங்களா?"

டீச்சர் என்னையே பார்த்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஐயோ பாவம், இந்த வருஷமும் பெயில்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.