ஜெபத்தில் அவள் முறை

எங்கள் வீட்டில் சாயங்காலம் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். தேனி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். முகூர்த்த சீசனில்கூட ஆறே முக்காலுக்கு ஷட்டரை இறக்கிவிடுவேன். சீர்ப் பாத்திரம் வாங்க வந்து நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். எனக்கு அதில் ஒரு பெருமை.

ஹாலில் பாய் விரித்து மூன்று பேரும் உட்காருவோம். ஒரு பாட்டு, ஓர் அதிகாரம், பிறகு ஆளுக்கொரு ஜெபம். முதலில் மகள், அடுத்து என் மனைவி, கடைசியில் நான். நான் ஆமென் சொல்லும்வரை யாரும் கண் திறக்கக் கூடாது. திறந்தால் ஒரு வசனம் மனப்பாடம். மகள் சிறுபிள்ளையாக இருந்தபோது ஒருநாள் அவளுக்கு அந்தத் தண்டனையைச் சொன்னேன்.

"அவ கண்ணத் தொறந்தது ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள் என் மனைவி.

அன்று வசனம் படித்தது நான்தான்.

இன்னொரு பழக்கமும் எனக்கு உண்டு. சொல்ல வெட்கமாக இருக்கிறது. முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை ஜெபத்தில் சொல்வேன். 'ஆண்டவரே, பரீட்சை நேரத்தில் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளைக்குப் புத்தியைக் கொடும்' என்பேன். பேச்சு ஆண்டவரிடம், திட்டு பாயில் உட்கார்ந்திருப்பவருக்கு. ஜெபத்துக்கு எதிர்ப்பேச்சு பேச முடியாதல்லவா. சபையில் சிலர் இப்படி ஜெபிப்பதைக் கேட்டு வீட்டில் வந்து கேலி செய்திருக்கிறேன். கேலி செய்துகொண்டே நானும் கற்றுக்கொண்டேன்.

எதிர்வீட்டு அம்மாவும் என் மனைவியும் இருபது வருஷத்துச் சிநேகிதம். அவருடைய மகள் பிரசவத்தில் செத்துப் பிழைத்தாள். அதற்காகப் போன வருஷம் சித்திரையில் வீரபாண்டி மாரியம்மன் கோயிலுக்குத் தீச்சட்டி எடுத்துப் போனார். மறுநாள் எங்களுக்கு மாவிளக்கு மாவு கொண்டுவந்து கொடுத்தார். படைத்ததை நாங்கள் சாப்பிடுவதில்லை. சிரித்த முகமாக வாங்கி வைத்து, பிறகு வேறு யாருக்காவது கொடுத்துவிடுவோம். அன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தபோது, என் மனைவி அடுப்படியில் நின்று அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன இது?"

"மக பிழைச்ச சந்தோசத்துல, கொதிக்கிற வெயில்ல வெறுங்காலோட போயிட்டு வந்தாக. அவுக கையால ஒரு வாய் குடுத்தா எப்படிங்க வேணாங்கிறது?"

சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். ஏழு மணிக்கு வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

அன்று பாட்டில் அவள் குரல் கொஞ்சம் தொய்ந்திருந்தது. மகள் ஜெபித்து முடித்தாள். அடுத்து அவள் முறை. சத்தமே இல்லை. மத்தியானம் நான் கேட்டதில் அவளுக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை என்று நினைத்தேன். பாட்டுப் புத்தகம் தரையில் விழுந்தது. வீசியெறிகிற அளவுக்கு வந்துவிட்டதா என்று எனக்குச் சுருக்கென்றது. அவளுக்குக் காத்திராமல் நானே ஆரம்பித்தேன்.

விக்கிரகத்துக்குப் படைத்ததை உண்பது பற்றிச் சொன்னேன். மகளுக்கு முன்மாதிரியாக இருக்க வேண்டிய தாயைப் பற்றிச் சொன்னேன். வாய் திறந்து மன்னிப்புக் கேட்காத கடின இருதயத்தைப் பற்றிச் சொன்னேன். அன்று எனக்கு வார்த்தை அருவியாகக் கொட்டியது. இருபது நிமிடமாவது இருக்கும். நடுவில் அவளிடமிருந்து ஒரு முனகல் கேட்டது. உறைக்கிறது என்று குரலை உயர்த்தினேன்.

ஆமென் சொல்லிக் கண் திறந்தேன். என் மனைவி சுவரில் சரிந்து கிடந்தாள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கை பாயில் மல்லாந்து கிடந்தது. கண்கள் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

மகள் போட்ட சத்தத்துக்கு முதலில் ஓடிவந்தது எதிர்வீட்டு அம்மாதான். "அண்ணாச்சி, நிக்காதீக. ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க," என்று சொல்லி, அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைக் கேட்டார், எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று.

"தெரியல சார். ஜெபத்துல இருந்தோம். கண்ண மூடியிருந்தேன்," என்றேன்.

உயிர் தங்கியது. பேச்சு வரவில்லை. இப்போது சொல்வதெல்லாம் அவளுக்குப் புரிகிறது, பதில்தான் சொல்ல முடியாது. அந்த நேரத்தில் அவளுக்குக் காது கேட்டிருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். கேட்டிருக்கலாம், கேட்காமலும் இருந்திருக்கலாம் என்றார். கேட்டிருக்காது என்பதைப் பிடித்துக்கொண்டுதான் இந்த ஒரு வருஷத்தையும் ஓட்டினேன். அவளிடம் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. கேட்டால், நான் சொன்னது அவளுக்குத் தெரிந்துபோகுமே.

ஏழு மணி ஜெபம் இன்னும் நடக்கிறது. அவளை நாற்காலியில் உட்கார வைத்துக்கொள்கிறோம். அவள் முறை வரும்போது நானும் மகளும் பேசாமல் இருப்போம். பிறகு நான் இரண்டே வரியில் முடித்துவிடுகிறேன். நான் கண்ணை மூடுவதில்லை.

மத்தியானத்தில் எதிர்வீட்டு அம்மா வந்து அவளுக்குச் சோறு ஊட்டிவிடுகிறார். இந்தச் சித்திரையிலும் அவர் தீச்சட்டி எடுத்தார். மறுநாள் ஒரு கிண்ணத்தோடு வந்து வாசலிலேயே நின்றார்.

"ஒங்களுக்குப் பிடிக்காதுன்னு தெரியும் அண்ணாச்சி. இந்தத் தடவ இவளுக்காகத்தான் வேண்டிக்கிட்டேன்."

"உள்ள வாங்க," என்றேன். கிண்ணத்தை நானே வாங்கினேன். வெல்லமும் ஏலமும் மணந்தது. கையைக் கழுவி வந்து, மாவைப் பிசைந்து இளக்கி, ஒரு விள்ளல் எடுத்து என் மனைவியின் வாயருகே கொண்டுபோனேன். அவளுக்குப் பிடித்த பண்டம். ஒரு வருஷமாக, எதை நீட்டினாலும் பிள்ளை மாதிரி வாயைத் திறப்பவள்.

அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"சாப்பிடும்மா, நான்தான் தாறேன்," என்றேன்.

வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். நல்லாயிருக்கிற இடது கையால் என் கையை மெல்ல ஒதுக்கினாள். பிறகு எதிர்வீட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதாள். அன்று நான் ஜெபித்த ஒவ்வொரு வார்த்தையும் அவள் காதில் விழுந்திருக்கிறது.