கொசோவோவுக்காக ஆரணியில் பேசியவர்

செவ்வாய்க்கிழமை காலை, பூஜை அறையில் விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அண்ணியின் அலறல் கேட்டது. எல்லாவற்றையும் அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். நெஞ்சை அடைக்கிறது என்று நாற்காலியில் சாய்ந்த ஏகாம்பரம் அண்ணன் பிறகு எழுந்திருக்கவில்லை. ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆரணியில், தறிச் சத்தம் ஓயாத எங்கள் தெருவில் பிறந்தவர். மத்திய காவல் படையில் சேர்ந்து, ஓய்வு பெற்றுத் திரும்பியவர். பணிக்காலத்தில் ஓராண்டு ஐரோப்பாவிலுள்ள கொசோவோவுக்கு அமைதி காக்க அனுப்பப்பட்டார். அப்போது அங்கே போர் முடிந்திருந்தது. அது தனி நாடாகியிருக்கவில்லை. பின்னர் நாடானது. நம் நாடு உட்படப் பல நாடுகள் இன்னும் அதை ஏற்கவில்லை. அந்தக் குட்டி நாடு மேற்கத்திய நாடுகளின் ராணுவக் கூட்டணியில் சேர முயல்கிறது. சேர்த்தே ஆக வேண்டும் என்பது அண்ணனின் கட்சி. அதற்காக ஊர் அவருக்கு வைத்த பெயர் ‘கொசோவோ சார்’.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்டேன். அங்கே தையல் வேலை செய்யும் ஒரு பெண்மணியின் வீட்டு மாடியில் அவர் வாடகைக்கு இருந்தாராம். ஒரு காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, முன்னறைச் சோபாவில் அந்த அம்மாள் காலில் ஷூவுடன் தூங்குவதைப் பார்த்திருக்கிறார். நம்மூர்க்காரர் அல்லவா, பொறுக்கவில்லை. எழுப்பி, வீட்டுக்குள் இதென்ன என்று ஜாடையில் கடிந்துகொண்டார். அந்த அம்மாள் ஷூவைக் கழற்றிக் காட்டினார். இரண்டு விரல்கள் இல்லை.

“நம்மள மாதிரியே வாசல்ல கழட்டிட்டு வர்ற ஜனம்மா அது. படுக்கறப்ப மட்டும் மாட்டிக்கும். போன தடவ சண்டையில பட்டாளம் துரத்துனப்போ வெறுங்கால்ல பனியில ஓடி, வெரலு ரெண்டும் வெறச்சி அழுகிப் போச்சாம். நான் அப்படியே வெக்கப்பட்டு நின்னுட்டேன். அது ஷூவ கழட்டிட்டுத் தூங்கணும். அதுக்குத்தான் கூட்டணி. வேற ராஜதந்திரம் எனக்குத் தெரியாது.”

நான் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. “ஆயுதம் வெச்சிருக்கிறவங்களோட சேர்றது தர்மமா அண்ணா?” என்றேன்.

“ஏம்மா, வெள்ளிக்கிழமை தவறாம கும்புட்டுகினு வர்றியே, உன் அம்மன் கையில இன்னா கரண்டியா இருக்குது? சூலம்தான? தெனம் யாரையாவது குத்திகினா இருக்கா? பார்த்தவன் கிட்ட வராம இருக்கறதுக்கும்மா அது.”

அன்றிலிருந்து செய்தித்தாளில் அந்த நாட்டைப் பற்றி வருவதையெல்லாம் என் வீட்டுக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைக்கலானேன். கூட்டணியில் ஒருவரைச் சேர்க்க எல்லா உறுப்பு நாடுகளும் சம்மதிக்க வேண்டும். அவற்றில் சில, கொசோவோவை நாடென்றே ஒப்புக்கொள்ளவில்லை. இதைக் காட்டினால் அண்ணன் சளைக்க மாட்டார். “அப்ப இன்னும் உரக்கப் பேசணும்” என்பார்.

சென்ற ஆண்டு ஆடித் திருவிழாப் பட்டிமன்றத்தில் பேசினார். சிறிய நாட்டுக்குப் பாதுகாப்பு தனித்து நிற்பதா, அணி சேர்வதா என்பது தலைப்பு. கூட்டணியில் சேர்ந்தால் பக்கத்து நாட்டுக்குக் கோபம் வரும், சண்டை மூளும் என்று எதிரணி முழங்கியது. அண்ணன் எழுந்தார். “நான் என் வூட்டுக்குத் தாப்பா போட்டா பக்கத்து வூட்டுக்காரனுக்கு ஏன்யா கோவம் வருது?” என்று ஒரே கேள்விதான் கேட்டார். கூட்டம் கைதட்டியது. நடுவரோ, “சார் பேசறதப் பார்த்தா கொசோவோ அவருக்கு மாமனார் ஊரு போல” என்று சிரிக்க வைத்து, எதிரணிக்கே தீர்ப்பளித்தார்.

மேடையை விட்டு இறங்கியவரிடம், “தோத்துட்டோமே அண்ணா” என்றேன்.

“தீர்ப்புதாம்மா அவங்களுது. நாக்கு என்னுது. அடுத்த வருஷமும் இதே தலைப்பு கேட்டு வாங்கறேன் பாரு.”

கேட்டு வாங்கியும் விட்டார். ஆடிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்க, அவரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

நேற்று படத்திறப்பு. விழாக் குழுச் செயலாளர் என்னிடம் வந்தார்.

“அக்கா, அந்தத் தலைப்ப மாத்திடலாம்னு இருக்கறோம். பேச ஆளில்ல. மாமியாரா மருமகளான்னு வெச்சா ஜனம் ஜாலியா கேக்கும்.”

“மாத்தாதீங்க. அண்ணன் எடத்துல நான் பேசறேன்.”

“நீங்களா? பள்ளிக்கூடம் கூட சரியா போகலன்னு நீங்களே சொல்வீங்களே.”

“போகலங்க. படிக்கிறத நிறுத்தல.”

“சிரிப்பாங்கக்கா.”

“அவர மட்டும் சிரிக்காம வுட்டாங்களா? எழுதிக்கோங்க என் பேர.”

அவர் பேனாவைத் திறக்கும் வரை நான் நகரவில்லை.

அண்ணா, உங்கள் அணியில் ஆள் இருக்கிறது. இந்த ஆடியில் தோற்றால் அடுத்த ஆடியிலும் ஏறுவேன். அந்த நாட்டைக் கூட்டணியில் சேர்க்கும் நாளில் அம்மன் சன்னதியில் அதன் பெயருக்கு அர்ச்சனை செய்யச் சொல்வேன். குருக்கள் நட்சத்திரம் கேட்பார். பிறந்த நாள் தெரிந்த நாடுதானே. பழைய பஞ்சாங்கம் தேடி, நட்சத்திரத்தைப் பார்த்து வைத்துவிட்டேன். நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள்.