கெர்னல் குடியிருக்கும் வீட்டு நம்பர்

கருவியை உள்ளிருந்து ஓட்டும் மென்பொருளான கெர்னலை எழுதும் தொழிலில் பாதி நேரம் ரகசியத்தைக் காப்பதில் போகும், மீதி நேரம் அதே ரகசியத்தை நாமே பிரிண்ட் செய்து தொலைப்பதில் போகும். பிரிண்ட் போட்டுப் போட்டே பிழை தேடும் என் இனத்தாரே, உங்களுக்குத்தான் இது. டெல்லியில் ரவுட்டர் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் நான் பதினெட்டு வயதுப் பயிற்சியாளன். கம்ப்யூட்டர் கோடு எனக்குச் சுமாராக வரும். ஆபீஸில் உள்ள அத்தனை பேர் குரலும் பிரமாதமாக வரும்.

ஒரு வீடு தெரிந்தால் போதும்

எங்கள் ரவுட்டரை ஒரு வங்கி வாங்குவதாக இருந்தது. அவர்கள் அனுப்பிய பாதுகாப்புச் சோதனையாளர் கன்னா, பார்த்த உடனேயே ஃபெயில் போட்டுவிட்டார். ரவுட்டர் எழுதிவைக்கும் நடப்புப் பதிவான லாகில் பாயின்டரை, அதாவது மெமரி முகவரியை, அப்படியே பிரிண்ட் செய்திருந்தோம். திருடன் தேடி அலையட்டும் என்று, ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கெர்னல் வேறு இடத்தில் போய் உட்காரும்படி எழுதியிருந்தோம். லாகோ கூப்பிட்டு விலாசம் கொடுத்துக்கொண்டிருந்தது. இன்னொரு முறை ஃபெயிலானால் ஆர்டரும் போச்சு, எங்கள் டீமும் போச்சு.

ஒரே ஒரு முகவரி கசிந்தால் அப்படி என்ன ஆகிவிடும் என்று டீம் தலைவி பத்மா மேடத்திடம் கேட்டேன். "உங்க ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ்ல எல்லா வீடும் ஒரே ப்ளான்தானே? ஒரு வீட்டுல கிச்சன் எங்கேன்னு தெரிஞ்சா மத்த வீட்டுலயும் கண்ணை மூடிண்டு போகலாம். கெர்னலும் அப்படித்தான், அச்சா?"

வேட்டை

கஸ்டமர் ஃபோனையும் சேர்த்துப் பார்க்கும் திருநெல்வேலி செந்தில் அண்ணனும் நானும் களத்தில் குதித்தோம். முகவரி அச்சாகும் இடத்திலெல்லாம் அதை ஹாஷ் செய்தோம். அதாவது, ஆன் ஆகும்போது எடுத்த ஒரு ரகசியச் சாவியால் முகவரியைக் குழப்பி வேறு எண்ணாக்கினோம். ஒரே பொருளுக்கு ஒரே எண் வரும், பிழை தேடலாம். எண்ணிலிருந்து முகவரிக்குத் திரும்ப முடியாது. பாயின்டரைச் சாதாரண எண்ணாக மாற்றி அச்சடித்த கள்ள வரிகளையும் பிடித்தோம். ஒவ்வொன்று சிக்கும்போதும் நான் ரயில்வே அறிவிப்பு அம்மாவாகி, "யாத்ரீகண் க்ருபயா த்யான் தேம்", பயணிகளின் கனிவான கவனத்திற்கு, என்றேன். கடைசியில் அண்ணன் திரும்பினார். "ஏல, உன் வாயையும் ஹாஷ் பண்ணணும்ல."

சட்டா அங்கிள் பேசுகிறார்

கன்னா வருவதற்கு முந்தின நாள். டெஸ்ட் ரூமில் ஒரு ரவுட்டரை வேண்டுமென்றே இயங்காமல் நிற்க வைத்துவிட்டு, சைபர் கஃபே வைத்திருக்கும் எங்கள் பழைய கஸ்டமர் சட்டா அங்கிளின் தொண்டையில் அண்ணனுக்கு இன்டர்காம் போட்டேன். "அரே பேட்டா, டப்பா பந்த் ஹோ கயா." டப்பா நின்றுபோச்சாம். அவர் வழக்கம்போல் திரையில் தெரியும் ரெஃபரன்ஸ் நம்பரைக் கேட்டார். வாசித்தேன். முடித்த மறு நொடி, "டைமர் அடக் கயா சார், ஆஃப் கர்கே ஆன் கீஜியே" என்றார். டைமர் சிக்கிக்கொண்டதாம், ஆஃப் செய்து ஆன் செய்யணுமாம்.

இன்டர்காமை வைத்தேன். வெறும் நம்பரைக் கேட்டு இந்த மனுஷன் எப்படிச் சொன்னார்? அண்ணனிடம் ஓடினேன். அது நம்பரே இல்லை, கெர்னல் நின்ற இடத்தின் முகவரி. ஃபோனில் பதில் சொல்ல வசதியாக அண்ணனே வைத்தது. முன்பகுதி மாறினாலும் கடைசி மூன்று இலக்கம் மாறாது, அது அவருக்கு மனப்பாடம். அவருக்குத் தெரிந்தால் திருடனுக்கும் தெரியும். பிரிண்ட் வழியாகப் போகாமல், அவர் தனியாக எழுதிய துண்டு கோடு அதைத் திரையில் வரைந்ததால் எங்கள் வலையில் விழவில்லை. அண்ணன் நாற்காலியில் சரிந்தார். "இத்தன நாளா வெலாசத்த நானே ஃபோன்ல கேட்டு வாங்கிருக்கேன்ல."

கன்னாவின் ஜேப்பி

முகவரிக்குப் பதில், நின்ற ஃபங்ஷனின், அதாவது கோடில் அந்தப் பகுதியின், பெயரும் அதற்குள் எவ்வளவு தூரம் என்பதும் தெரியும்படி மாற்றினோம். அண்ணனுக்குத் தேவையே அதுதான். கன்னா வந்தார். லாகைத் தொடவில்லை, நேரே ரவுட்டரை நிற்க வைத்துத் திரையைப் பார்த்தார். இங்கே முகவரி தெரிவதைப் போன தடவையே பார்த்ததாகவும், வேண்டுமென்றே சொல்லாமல் ஜேப்பியில் வைத்திருந்ததாகவும் ஹிந்தியில் சொல்லிவிட்டு, பாஸ் போட்டார். யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். பத்மா மேடம் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "ஹமாரே புரானே கஸ்டமர், சட்டா ஜி." எங்கள் பழைய கஸ்டமராம்.

ஆக, எங்கள் ரவுட்டரில் இனி எந்த முகவரியும் கசியாது, கசிவதெல்லாம் நான் இருக்கும் டெஸ்ட் ரூமிலிருந்து சட்டா அங்கிளின் குரல் மட்டும்தான்.