பூவைப் பார்த்து எடுத்த தோட்டம்

கொச்சி மட்டாஞ்சேரியின் மிளகு, சுக்கு நெடியையும் மீறி மாம்பூ மணந்த அந்தக் காலையில் எங்கள் பழமண்டியில் இருந்தவர்கள் ஆறு பேர்: மண்டி நடத்திய அப்பா, அடகு வைக்கக் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மடியில் வைத்திருந்த அம்மா, அம்மாவின் தம்பி குமரேசன் மாமா, பூத்த கிளையொன்றைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துவந்திருந்த பாலக்காட்டுப் பக்கத்து முதலமடைத் தோட்ட முதலாளி, லாரி ஓட்டும் நாசர் இக்கா, எட்டாம் வகுப்பில் படித்த நான். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதுகூட இன்னும் மறக்கவில்லை. பின்னால் யாராவது இல்லையென்று சொல்லிவிடுவார்களோ என்று அன்றே பயந்திருப்பேன் போலிருக்கிறது.

அப்பாவுக்குப் பழம் தெரியும், மரம் தெரியாது. காம்பை முகர்ந்தே எத்தனை நாளில் பழுக்கும் என்று சொல்லிவிடுவார், ஆனால் ஒரு மாமரத்துக்கும் தண்ணீர் ஊற்றியவரில்லை. அவரைப் போன்ற வியாபாரிகள் மரம் பூக்கும்போதே பூவைப் பார்த்து விலை பேசித் தோட்டத்தைப் "பாட்டத்துக்கு" எடுப்பார்கள். அதன்பிறகு வருகிற பனி, மழை, பூச்சி, காவல், பறிகூலி எல்லாம் எடுத்தவர் பாடு. இந்த முதலாளி இரண்டு வருடத்துக்குச் சேர்த்துக் குறைந்த விலை சொன்னார். பாதிப் பணம் தன்னுடையது என்றார் மாமா.

"பூவுக்கே கிளை வளைஞ்சு கெடக்கு மச்சான். காய் வந்தா முட்டுக் கொடுக்க மூங்கில் போதாது."

"ரெண்டாம் வருஷத்துப் பூ எவிடே? அதும் பேப்பர்ல பொதிஞ்சு கொண்டு வந்நோ?" என்று கேட்டார் நாசர் இக்கா. எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓண விடுமுறையில் மாமா எங்களைத் தோட்டம் பார்க்கக் கூட்டிப்போனபோது, ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் வட்டமாக மண்ணை வெட்டி மூடியிருந்ததையும், அந்த ஈர மண்ணிலிருந்து மருந்து வாடை வந்ததையும் பார்த்திருந்தேன். கேட்டதற்கு "உரம் வெச்சிருக்கு மோளே" என்று சொல்லி நடந்துவிட்டார். உரம் அப்படி நாறுமா என்று அன்றிலிருந்து எனக்கு உறுத்தல். அதனால் சங்கிலி அம்மா மடியிலிருந்து மேசைக்குப் போகும்போது, "அப்பா, அந்த மரத்தடியில..." என்று ஆரம்பித்தேன்.

"பேடித்தொண்டி தொடங்கிட்டா," என்றார் மாமா. வீட்டில் எனக்கு அதுதான் பேர். அடுப்பை அணைத்தோமா, படகு கவிழுமா என்று எதற்கும் பயப்படுகிறவள். அப்பாவும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

முதல் வருடம் காய்த்தது. வாராவாரம் பஸ் ஏறிப்போய், தத்துப்பூச்சிக்கு மருந்தடிக்க ஆள் பிடித்து, திருட்டுக்குக் காவல் வைத்து, பறிக்கிறவர்கள் வராத நாளில் தானே "தோட்டி" என்கிற வலைகட்டிய பறிகழியைத் தூக்கி அப்பா இளைத்துப்போனாலும், செலவெல்லாம் போகக் கையில் கொஞ்சம் நின்றது. அம்மாவின் சங்கிலியை அடுத்த வருடம் மீட்டுவிடலாம் என்றார்.

அடுத்த வருடம் நானும் கூடப் போனேன். துளிர்கள் நீளாமல் கொத்தாக ஒடுங்கிக் கிடந்தன. பூ, மூடிய கைபோல இறுகி, தொட்டால் கருகி உதிர்ந்தது. அப்பா மரம் மரமாகப் போய் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துத் தோட்டத்துக் காவல்காரர் வேலியோரம் வந்து நின்றார்.

"பூ கூடுதலாப் பிடிக்க வேருக்கு மருந்து ஊத்தின மரமுங்க இது. அளவு மீறிப் போச்சு. ஒரு வருசம் கொட்டும், அப்பறம் முடங்கிக்கும். உங்க மச்சினர்தானே நின்னு ஊத்த வெச்சாரு, உங்களுக்குத் தெரியாதா?"

ஊர் திரும்பியதும் அப்பா மாமாவை மண்டிக்கு வரச்சொன்னார். மண்டியில் வைத்துக் கேட்டது அம்மாதான்.

"நீயாடா குமரேசா?"

"தரகு எல்லாரும் வாங்கறதுதானே அக்கா."

முதலாளியிடம் நேரே கொடுத்துவிட்டதாகச் சொன்ன பங்குப் பணத்தை அவர் போட்டிருக்கவே இல்லை. முதலாளியிடம் வாங்கிய தரகு எண்பதாயிரம். அதைத் திருப்பிக் கொடுப்பதாக நாசர் இக்கா முன்னிலையில் ஒத்துக்கொண்டார். முதலாளியோ, பாட்டம் பாட்டம்தான் என்று கையை விரித்துவிட்டார். சங்கிலி மீளவில்லை, மண்டி கைமாறியது, ஒன்பதாம் வகுப்போடு நான் நின்று வேறொருவர் கடையில் பழம் தரம்பிரிக்கப் போனேன். அதன்பின் அப்பா எதைச் செய்வதற்கு முன்னும் "உனக்கு என்ன தோணுது?" என்று என்னைக் கேட்டார். கேட்க வேண்டிய நாளில் கேட்காமல் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தவர், இப்போது கேட்கிறாரே என்று நினைத்துக்கொள்வேன்.

மண்டி இருந்த இடத்தில் இன்று வெளிநாட்டுக்காரர்கள் காப்பி குடிக்கிறார்கள். படகுத்துறைப் பக்கம் நான் சின்னதாக ஒரு ஜூஸ் கடை வைத்திருக்கிறேன். பூட்டிய பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன். மாங்காய்க் காலத்தில் மாமா வருவார். வயதாகித் தள்ளாடி வந்து "மோளே, ஒரு கிளாஸ்" என்பார். என் கல்யாணத்துக்குப் பன்னிரண்டாயிரமும் அப்பா இறந்தபோது ஐயாயிரமும் கொடுத்தார். ஜூஸுக்கு மட்டும் சில்லறையை எண்ணிச் சரியாக வைத்துவிட்டுப் போகிறார். பாக்கி அறுபத்துமூவாயிரம் ரூபாய்.