கயிற்றைப் பிடித்தவர்

முத்துச் சிப்பி அழுகும் நாற்றத்தை அறியாதவர்களுக்கு முத்தின் அழகைப் பற்றிப் பேச உரிமையில்லை என்பது என் கட்சி. நான் சிறுமியாக இருந்தபோது, தூத்துக்குடிக் கரையில் கடைசியாக முத்துக் குளித்த கோடையில், அந்த நாற்றம் எங்கள் சோற்றுத் தட்டு வரைக்கும் வந்தது. அதே கோடையில்தான் அப்பாவின் அண்ணனான என் பெரியப்பா கடலுக்குள் இறந்துபோனார்.

எங்கள் வீட்டில் "சுறா" என்றார்கள். ஊரில் "சூசை" என்றார்கள். சூசை மாமா பெரியம்மாவின் தம்பி. மூழ்குகிறவனின் இடுப்புக் கயிற்றைத் தோணியில் பிடித்திருப்பவன் கையில்தான் அவன் உயிரே இருக்கிறது என்பதால், அதை மனைவியின் உடன்பிறந்தவனிடம் கொடுப்பது எங்கள் கடற்கரை வழக்கம். அக்காள் தாலியை எந்தத் தம்பியும் அறுக்க மாட்டான். சொத்தில் பங்குள்ள கூடப்பிறந்தவனை அப்படி நம்ப முடியுமா? "மச்சினன் கையில கயித்தக் குடு, பங்காளி கையில குடுக்காத" என்பார்கள் பெரியவர்கள். பெரியப்பாவின் உடலிலோ பல் பட்ட தடமே இல்லை. ஆகவே மச்சினன் கயிற்றை விட்டுவிட்டான் என்று ஊர் முடிவுகட்டியது. மாமா மறுத்து ஒரு வார்த்தை பேசாமல் ஆலந்தலைக்குக் குடிபோனார். பெரியம்மாவும் ஊர்ப் பேச்சை நம்பி, தம்பியின் முகத்தில் விழிப்பதையே விட்டுவிட்டு, என் அப்பாவின் சம்பாத்தியத்தில் பிள்ளைகளை வளர்த்தார்.

எனக்கு மட்டும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அன்று சாயங்காலம் இரண்டு உள்ளங்கையும் தோலுரிந்து வீட்டுக்கு வந்தவர் என் அப்பா. அதில் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டவள் நான். அழுதுகொண்டிருந்த என் கன்னத்தைத் துடைத்த மாமாவின் கையிலோ ஒரு கீறல்கூட இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் புத்தி, அப்பா காலமான பிறகுதான் எனக்கு வந்தது. சுற்றிவளைக்கத் தெரியாதவள் நான், நேரே ஆலந்தலைக்குப் போய், "கயித்தப் பிடிச்சது எங்கப்பாதான மாமா?" என்று கேட்டுவிட்டேன்.

மாமா கையிலிருந்த வலையைக் கீழே வைத்தார். "அன்னைக்குத் தோணியில நான் வாந்தியும் மயக்கமுமாக் கெடந்தேன். ஒங்கப்பன்தான் பிடிச்சான். அடியில கயிறு பாறையில சிக்கிட்டு. கை பிய்ய இழுத்தான் ஏளா, அவன் மேல ஒரு குத்தமும் கெடையாது. ஆனா மச்சினன்னா கை தவறிட்டுன்னு ஏச்சோட விட்டுருவானுவ, பங்காளி பிடிச்சான்னு தெரிஞ்சா சொத்துக்குச் செஞ்ச கொலைன்னு சொல்லிருவானுவ. அவனும் ஜெயிலுக்குப் போயிட்டா அக்காளுக்கு யாரு சோறு போடுவா?" தோணியில் இருந்தவர்களிடமும் அவரே சத்தியம் வாங்கியிருக்கிறார். "அக்கா காதுல போட்டுராத" என்றும் சொன்னார்.

போட்டேன். பெரியம்மா அடுத்த பஸ்ஸிலேயே ஆலந்தலைக்குப் போய், "ஏலே, என் சோத்துக்காகவாலே ஊரு ஏச்ச வாங்குன?" என்று தம்பியின் முதுகில் ஓங்கி அறைந்துவிட்டு, அவர் தோளிலேயே சாய்ந்து அழுதார். கடைசிவரை வாய் திறக்காத அப்பாவை நினைத்து எனக்கு ஆத்திரமாக வந்தது.

இன்று பெரியம்மாவும் மாமாவும் இல்லை. முத்துக்குளிப்பும் போய்விட்டது; தோணிகள் நின்ற பக்கம் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கின்றன. பழி மட்டும் போகவில்லை. மாமாவின் பேத்திக்கு நல்ல இடத்திலிருந்து வந்த சம்பந்தம் ஒன்று, "கயித்த விட்டவன் குடும்பமா?" என்ற பேச்சில் அண்மையில் தட்டிப்போனது. அதனால்தான் இதை எழுதுகிறேன். மாமா கயிற்றை விடவில்லை. அவர் கையில் கயிறே இல்லை. பிடித்தவர் என் அப்பா. இனி யாருக்காவது கொலைகாரன் வாரிசு என்று சொல்லத் தோன்றினால், அந்தப் பிள்ளையை விட்டுவிட்டு என்னிடம் வந்து சொல்லட்டும். நான் வீட்டில்தான் இருக்கிறேன்.