ஐந்தாவது மூலை

எண்பதுகளின் பிற்பகுதியில் லண்டனில் ஒரு கட்டடக்கலை அலுவலகத்தில் படவரைஞராக இருந்தேன். யாழ்ப்பாணத்தில் படித்த தொழில்தான். முதலாளி ஒரு வெள்ளைக்காரர். அல்ப்ஸ் மலைகளின் மத்தியகாலக் கோட்டைகளைப் பற்றிப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய நண்பர் ஒருவர் அங்கே போய் அளவெடுத்து வருவார். அந்தக் குறிப்பேட்டைப் பார்த்து மையில் படம் வரைவது என் வேலை.

ஒரு தை மாதம் கோபுரக் கோட்டை ஒன்றின் அளவுகள் வந்தன. கணவாய்ப் பாதையைக் காவல்காக்க எழுநூறு வருடங்களுக்கு முன் கட்டியது. தரையில் வாசலே கிடையாது. வாசல் முதல் மாடியில். ஏணியில் ஏறி, பிறகு ஏணியை உள்ளே இழுத்துக்கொள்வார்களாம். கீழே தானியமும் தண்ணீர்த் தொட்டியும், வாசல் தளத்தில் அடுப்பு, அதற்கு மேலே காவலர்கள் படுக்கும் இடம். மலையைப் பார்த்த பின்சுவரில் ஜன்னல் இல்லை. ஒடுங்கிய துவாரங்கள் மூன்று மட்டும்.

அந்தத் துவாரங்கள்தான் என்னை மறித்தன. இரண்டு மூலைக்கருகிலும் இருந்தவற்றின் ஆழம், அதாவது அங்கே சுவரின் தடிப்பு, இரண்டு மீற்றர். நடுவில் இருந்தது மூன்றரை மீற்றர். சுவரின் உட்பக்கம் நேர். அப்படியென்றால் வெளிப்பக்கம் நேராக இருக்க வழியில்லை. குறிப்பேட்டிலோ வெளிப்பக்கமும் நேர்கோடு.

அன்று பின்னேரம், லண்டன் டூட்டிங்கில் இருந்த எங்கள் வீட்டில் சமைத்தபடி கணவரிடம் சொன்னேன்.

"அந்தாள் பிழையா அளந்திருப்பார். உமக்கேன் வில்லங்கம்? கீறிக் குடுத்திட்டு வாரும்" என்றார்.

"ஏலாது. எனக்கு விளங்காததை நான் கீறமாட்டன்."

மறுநாள் முதலாளியின் மேசையில் குறிப்பேட்டை விரித்து வைத்தேன். நண்பரும் இருந்தார்.

"நீங்கள் அந்த மலையைப் பார்த்ததே இல்லையே" என்றார் நண்பர்.

"எந்த மலையையும் பார்த்ததில்லை. ஆனால் இந்த இலக்கங்கள் நீங்கள் எழுதியவை. பின்பக்கத்தை நேரில் அளந்தீர்களா?"

அவர் முகம் சிவந்துபோனது. பின்னால் போகவே முடியாதபடி பனி மூடிக் கிடந்ததாம். மற்றப் பக்கங்களை வைத்து ஊகித்துக் கீறியிருக்கிறார்.

"அந்தச் சுவர் நடுவில் கூராக வெளியே தள்ளி நிற்கிறது, கப்பலின் முன்பக்கம் மாதிரி" என்றேன். "மேலேயிருந்து பனி சரிந்து வந்தால் இரண்டாகப் பிரிந்து போகட்டும் என்று கட்டியிருக்கிறார்கள்."

முதலாளி குறிப்பேட்டை மூடிவைத்தார். பிறகு, "படம் கோடை வரைக்கும் நிற்கட்டும்" என்றார்.

ஆனியில் நண்பர் மறுபடியும் போனார். அங்கிருந்தே தொலைபேசியில் கூப்பிட்டார். முதலாளி என் மேசைக்கு வந்து நின்று, "ஐந்து மூலை" என்றார். நான் அதைப் பென்சிலால் முன்னமே கீறி வைத்திருந்தேன். கூர் நான் நினைத்ததைவிட ஒரு சாண் கூடுதல், அவ்வளவுதான் வித்தியாசம். அதைத் திருத்தி அன்றைக்கே மை ஏற்றினேன்.

அடுத்த புத்தகத்துக்கு அளவெடுக்க என்னையே அனுப்பினார். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கிடைத்த பிறகு, தொண்ணூறுகளில், நான்கு கோட்டைகள் அளந்தேன். ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. அளவு பிழைத்ததில்லை.