செபாவின் குப்பியில் இரண்டாவது கோடு

செபா இறந்துவிட்டார். நேற்று விடியற்காலை, கடலோர லூமுட்டில். அவருடைய மகள் மெசஞ்சரில் எழுதியிருந்தாள்…

உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. எண்பதுகளின் தொடக்கத்தில், கேமரன் மலையில் எங்கள் எஸ்டேட் தேயிலை ஃபேக்டரியில் அவர் ஃபிட்டர். நான் ஆபீஸ் கிராணி, கணக்கு எழுதுபவள்.

கடற்கரையில் பிறந்து வளர்ந்த மனுஷன். மலைக்கு வேலைக்கு வந்தவர், கொஞ்சம் கடலையும் கூடவே கொண்டுவந்துவிட்டார்.

சும்மா சொல்லவில்லை. ஒரு கண்ணாடித் தொட்டி, இரண்டு பவளப்பாறைத் துண்டு, ஒரு கடல் சாமந்தி, அதற்குள் ஒளிந்து விளையாடும் இரண்டு ஆரஞ்சு மீன்!

தொழிலாளர் லைன் வீட்டுக் குளிரில் அதெல்லாம் ஒரு நாள்கூடத் தாங்காது. அதனால் துரையிடம் கெஞ்சிக் கூத்தாடி, தேயிலை உலர்த்தும் டிரையர் சூடு சுவர் வழியாக வரும் என் ஆபீஸ் மூலையில் வைத்தார்.

திரிங்காப்பிலிருந்து காய்கறி ஏற்றிக் கீழே கடற்கரைப் பக்கம் போகும் லோரி காலியாகத் திரும்பும்போது, பீப்பாய் மாதிரித் தோம்புகளில் கடல் தண்ணீர் மலை ஏறும்.

"சம்பல்ல போட வேண்டிய மீனுக்குக் கண்ணாடி பங்களா கேக்குதா லா?" என்பார் கங்காணி.

"பங்களா இல்லண்ணே, இதுவும் லைன் வீடுதான். ஒரு ரூம்பு, ரெண்டு பேரு" என்பார் செபா. நான் லெட்ஜரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரிப்பேன்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் விளையாட மாட்டார். புளித்துவிடக் கூடாது என்று சிப்பி ஓட்டை இடித்து அடியில் பரப்பியிருந்தார்.

உப்பு பார்க்க, கிளினிக்கில் வாங்கிய காலி ஊசி மருந்துக் குப்பி. உள்ளே கொஞ்சம் மணல், வாயில் மெழுகு. கடலில் மிதக்கவிட்டு, தண்ணீர் தொட்ட இடத்தில் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு கோடு.

"கோடு முங்கினா உப்பு பத்தல. கோடு மேல வந்துருச்சுன்னா உப்பு கூடிப்போச்சு. கடலு மாறாது கிராணி. இதுங்களுக்கு மாத்தம் ஆகாது."

எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். இத்தனை வருஷத்தில் அதை முதல்முறையாக எழுதுகிறேன்.

ஒருநாள் ஊரிலிருந்து தந்தி. அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, பத்து நாள் லீவு.

போகும்போது சொன்னார்… "மலையில என்னா இருக்கு, கீழ வந்துருன்னு அம்மா ஒரே அழுகை. இந்த மீனுங்க மேல பொழச்சிருச்சுன்னா நானும் பொழச்சிக்குவேன்னு சொல்லி வச்சிருக்கேன். தண்ணி கொறஞ்சா ஊத்திப் பாத்துக்குங்க லா."

சரி என்றேன். அந்த மீன் பிழைத்தால் செபா மலையில் இருப்பார். எனக்கு வேறென்ன வேண்டும்?

டிரையர் சூட்டில் தண்ணீர் தினமும் குறையும். அவர் ஊற்றுவது கூரையிலிருந்து பிடித்த மழைத் தண்ணீர். பக்கத்திலேயே கடல் தண்ணீர்த் தோம்பு இருக்கும்.

சுமந்து கொண்டுவந்த தண்ணீர் தீர்ந்துவிடும் என்று சிக்கனம் பிடிக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். கடல் மீனுக்கு மழைத் தண்ணீரா? பாவம் இல்லையா?

தாராளமாகக் கடல் தண்ணீரே ஊற்றினேன். தினமும், காலையில் வந்ததும் முதல் வேலையாக, ஆசை ஆசையாக.

ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும் என்று எனக்கு யார் சொன்னார்கள்…

எட்டாம் நாள் சாமந்தி சுருங்கியது. ஒன்பதாம் நாள் ஒரு மீன். அவர் வந்து இறங்கிய காலையில் இன்னொன்றும்.

குப்பியை எடுத்து மிதக்கவிட்டார். அங்கே நிற்க முடியாமல் வெளியே ஓடினேன், பைப்படியில் முகம் கழுவுகிற சாக்கில் அழுதேன்.

திரும்பி வந்தபோது குப்பியைத் துடைத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய அரம் மேசையில் கிடந்தது.

"என்னா ஆச்சு செபா?" என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன்.

"குளிருதான் கிராணி. இந்த மழைக்கு மனுசனே தாங்க மாட்டான்."

"ஆமா, ரொம்பக் குளிரு" என்றேன். அவ்வளவுதான் பேசினோம்.

அடுத்த மாதம் அதே காய்கறி லோரியில் ஏறிக் கீழே போனார். நான் ஜன்னலில் நின்றேன். அவர் கை காட்டினார். பனிமூட்டம், சரியாகத் தெரியவில்லை.

நேற்று மகள் ஒரு போட்டோவும் அனுப்பியிருந்தாள். அதே குப்பி.

"லில்லி ஆன்டி, அப்பா இத யாரையும் தொட விடமாட்டாரு. செவப்புக் கோடு கடலுன்னு சொல்லியிருக்காரு. அதுக்குக் கீழ அரத்துல கீறுன மாதிரி இன்னொரு கோடு இருக்கு. அது என்னான்னு கேட்டா, கேமரன்ல இருக்கற லில்லி கிராணிக்குத் தெரியும்னு சிரிப்பாரு. அதான் உங்களத் தேடிப் புடிச்சேன். என்னா கோடு ஆன்டி அது?"

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிவப்புக்கு நன்றாகக் கீழே, அன்று தொட்டித் தண்ணீர் தொட்ட இடம்… அவ்வளவு உப்பு ஊற்றியிருக்கிறேன்.

"நான் போட்ட கோடும்மா" என்று பதில் எழுதினேன்.

குளிர் இல்லை செபா. நான்தான்.

இங்கே இன்று நல்ல மழை… நீங்கள் உங்கள் கடல் பக்கமே நிம்மதியாகத் தூங்குங்கள்.